இரை போடாத கேமரா

1

நான் ஜொகூருக்கு வந்து பதினைந்து வருஷம் முடிந்த அன்று காலையில் தூத்துக்குடியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். வாழ்த்துச் சொல்ல அல்ல. அவளுக்கு அந்த நாள் நினைவே இல்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் யாரோ, "உம் மக மலேசியாவுல என்ன வேல பாக்கா?" என்று கேட்டுவிட்டார்களாம்.

"ஏட்டி கலா, நான் என்னட்டி சொல்லட்டும்? எறாலு எண்ணுதான்னு சொன்னா எல்லாரும் சிரிக்காவ."

"சிரிச்சா சிரிக்கட்டும்மா."

"அத எண்ணவா எம்மெஸ்ஸி படிச்ச? இங்க துறைமுகத்துல கொட்டிக் கெடக்கு. இங்கனயே இருந்து எண்ணியிருக்கலாம்லா?"

கோபம் வந்தது. ஆனால் அம்மா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. நான் ஜொகூர் பாருவில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். ஆழ்கடலில் இறக்கிய கேமரா எடுத்துவந்த வீடியோவைத் திரையில் ஓடவிட்டு, ஒரே நேரத்தில் எத்தனை இறால் தெரிகிறது என்று எண்ணுவதுதான் என் வேலை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ஜன்னல் வழியாகக்கூட முடியாது. ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடம்தான்.

அதே வாரத்தில் என் மகள் தாரணியின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரின் தொழிலைக் கேட்டிருந்தார்கள். போன வருஷம் வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவள், இப்போது மலாய் இடைநிலைப்பள்ளி. அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'குடும்பத் தலைவி' என்று மலாயில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"நான் வேலைக்குப் போறது தெரியாதா உனக்கு?"

"தெரியும்மா. ஆனா ஊடாங் எண்றாங்கன்னு சொன்னா கூட்டாளிங்க சிரிப்பாங்க. மாலு லா."

ஊடாங் என்றால் இறால். மாலு என்றால் வெட்கம். கடலுக்கு அந்தப் பக்கம் அம்மாவும் இந்தப் பக்கம் மகளும் ஒரே சொல்லுக்காக வெட்கப்படுகிறார்கள். நடுவில் நான் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

2

உலு திராமில் எங்கள் வீடு. என் கணவர் சந்திரன் இந்த மண்ணிலேயே பிறந்தவர். அவருடைய தாத்தா செடெனாக் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவினார். இவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலத்தில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்களோடு ஊர்ந்து, வேறு ஒரு நாட்டில் வேலை செய்துவிட்டு, பொழுது சாய்ந்தபின் சொந்த நாட்டுக்குத் திரும்புகிறார். தினமும் வெளிநாடு போய்வரும் மனிதரிடம் புலம்பெயர்ந்த கவலையைச் சொன்னால் கொட்டாவி விடுகிறார்.

வந்த புதிதில் இங்குள்ள தமிழே எனக்கு மொழிபெயர்ப்பு கேட்டது. எதிர்வீட்டு அக்கா காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டபோது, என்னைப் பார்த்தால் பட்டினி கிடப்பவள் மாதிரி இருக்கிறதா என்று சுருக்கென்றது. காலைச் சாப்பாட்டுக்கு இங்கே அதுதான் பேர். "காடிய எடுத்துட்டு வாரேன்" என்று சந்திரன் சொன்னதும் நான் வினிகர் பாட்டிலைத் தேடினேன். அவர் வாசலில் காரோடு வந்து நின்றார். ஒரே ஒரு சொல்தான் எனக்கு உடனே ஒட்டிக்கொண்டது. வாக்கியத்தின் வாலில் இவர்கள் போடும் 'லா'. தூத்துக்குடிக்காரிக்கு அதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

பிறகு குடிநுழைவு அலுவலகம். மனைவியாக வந்தவளின் அனுமதியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் கணவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவருக்கு லீவு கிடைக்காவிட்டால் எனக்கு நாடு இல்லை. வேலை செய்வதற்குத் தனியாக ஒரு முத்திரை. ஒரு தடவை அங்கிருந்த அம்மையார் என்ன வேலை என்று கேட்டார். இறால் எண்ணும் வேலை என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, சந்தையில் நல்ல இறால் எந்தக் கடையில் கிடைக்கும் என்று விசாரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வெளியே வந்து காரில் ஏறியதும் அழுதேன். ஏன் என்று சந்திரன் கேட்டார். நான் கடலைப் படித்தவள், எனக்குக் கடை தெரியாது என்று கத்தினேன்.

தூத்துக்குடிக் கல்லூரியிலும் இதே கதைதான். கூடப் படித்த பையன்களை விசைப்படகில் கடலுக்குக் கூட்டிப் போனார்கள். பெண் பிள்ளைகளான நாங்கள் கரையில் நின்று, அவர்கள் கொண்டுவந்த கூடையிலிருந்த இறாலை அடிக்கோலால் அளந்தோம். பெண் ஏறினால் படகுக்கு ஆகாது என்பது எங்கள் கடற்கரையில் யாரும் கேள்வி கேட்காத சட்டம். அப்பா படகுத் தொழிலாளி. அவர் படகின் விளிம்பைக்கூட நான் தொட்டதில்லை.

3

ஆழ்கடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜொகூரில் கடலுக்குக் குறைவில்லை. ஆனால் மெர்சிங்கில் படகேறித் தீவுகளுக்குப் போகிறார்களே, அந்தக் கடலெல்லாம் ஆழமில்லை. உண்மையான ஆழம் வேண்டுமானால் கப்பலில் நாள்கணக்காகக் கிழக்கே போய், கிழக்கு மலேசியாவின் சபா மாநிலத்தை ஒட்டிய கடலை அடைய வேண்டும். அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் கீழே எங்கள் கேமரா இறங்கும். இரும்பு முக்காலி, அதில் கேமரா, ஒரு சிவப்பு விளக்கு, முன்னால் நீட்டிய கம்பியில் ஒரு வலைப்பை. வலைப்பைக்குள் இரை மீன். சிவப்பு வெளிச்சம் அந்த ஆழத்து இறாலின் கண்ணுக்குத் தட்டுப்படாது என்று நம்புகிறோம். ஆனால் மீன் வாடை தட்டுப்படும்.

முக்காலி சேற்றில் அமர்ந்து கொஞ்ச நேரத்தில் இறால்கள் வரும். உடம்பைவிட மூன்று மடங்கு நீளமான கால்கள் கொண்ட சிவப்பு இறால். வந்ததும் தள்ளுமுள்ளு. ஒன்றின் முதுகில் ஒன்று ஏறும். தலையைக் கவிழ்த்து வலைப்பைக்குள் கொடுக்கைவிட்டுப் பிய்க்கும். கிடைத்த துணுக்கை வயிற்றுக்கடியில் அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடும். சேறு கலங்கும். அந்தக் கலக்கத்துக்குள்தான் நான் எண்ண வேண்டும். பல வருஷம் பார்த்துப் பார்த்து, இந்த இறால் என்றாலே அடித்துப் பிடித்துத் தின்னும் ஜென்மம் என்று நானும் நம்பிவிட்டேன்.

போன பயணத்து வீடியோக்களில் ஒன்றை மட்டும் 'வீண்' என்று ஒதுக்கியிருந்தார்கள். அழிப்பதற்கு முன் ஒருதரம் ஓட்டிப் பார்த்தேன். வலைப்பை காலியாக ஆடிக்கொண்டிருந்தது. இரை இல்லை. வெறும் சேறு, மேலிருந்து விழும் வெள்ளைத் துகள்கள். கடலில் மேலே செத்தது, உதிர்ந்தது, கழிந்தது எல்லாம் பொடியாகி இப்படி ஓயாமல் இறங்கிக்கொண்டே இருக்கும்.

திடீரென்று ஒரு இறால் நடந்துவந்தது. தலை கவிழவில்லை. பின்கால்களை ஊன்றி உடம்பைச் சேற்றிலிருந்து நன்றாக உயர்த்தி, நீரோட்டத்துக்கு எதிராக நின்றது. நீண்ட மீசைகள் இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாக விரித்தது. ஒரு வெள்ளைத் துகள் மீசையில் பட்டது. முன்காலால் அதை நிதானமாக இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. மறுபடி மீசையை விரித்தது. யாரையும் தள்ளவில்லை, எங்கும் ஓடவில்லை.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். உலகத்தில் வேறு யாராவது இதைப் பார்த்திருக்கலாம். எங்கள் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? எப்போது பார்த்தாலும் முன்னால் மீனைக் கட்டித்தானே இறக்குகிறோம்!

அந்தத் தடவை மட்டும் இரை எங்கே போயிற்று? கப்பல் சமையல்காரர் பாக் சாலேவைப் போனில் பிடித்தேன். ஜொகூரின் மூவார் ஊர்க்காரர், வயதானவர். முதலில் மழுப்பினார். பிறகு, "அலமாக், யாரிடமும் சொல்லிவிடாதே" என்று மலாயில் ஆரம்பித்தார். சமையலறை மீன் தீர்ந்துவிட்டது. குளிர்பெட்டியில் இரைக்கென்று வைத்திருந்த கெம்போங் மீன், நம்மூர்க் கானாங்கெளுத்தி வகை, ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. அதை எடுத்து அசாம் பெடாஸ் வைத்துவிட்டார். புளியும் மிளகாயும் தூக்கலாக வைக்கும் குழம்பு அது. ஜொகூர்க்காரர்கள் அதற்காக எதையும் செய்வார்கள். சாப்பிட்டு முடித்தபின்தான் இரைப்பெட்டி காலி என்று தளத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தாங்களும் தின்றவர்களாயிற்றே, கிழவரைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் வெறும் பையைக் கட்டி இறக்கிவிட்டார்கள்.

4

எங்கள் தலைவர் டாக்டர் அஸ்மா. என்னைவிட இளையவர், கெட்டிக்காரர், நியாயமானவர். நாங்கள் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் சண்டை போடுவோம். அதைத் தமிழில் தருகிறேன்.

வீடியோவைப் பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. ஆனால் இது விபத்து, கலா. ஒரு தடவை நடந்ததை வைத்து எதையும் சொல்ல முடியாது" என்றார்.

"அப்படியானால் இரை இல்லாமல் இன்னொரு தடவை இறக்குவோம்."

"கப்பல் நேரம் கிடைப்பது எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியும். வெறும் சேற்றைப் படம் பிடித்துக்கொண்டு வந்தால் அடுத்த தடவை கப்பலை யார் கொடுப்பார்கள்?"

"மீனைக் கட்டிவிட்டு, மீனைத் தின்ன வருகிறது என்று எழுதுகிறோம். இதற்கு எதற்குக் கப்பல்?"

அவர் முகம் சிவந்தது. அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணுகிறவள் இப்படிப் பேசுவது அங்கே வழக்கமில்லை.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். "வரப்போகும் பயணத்தில் கடைசி இறக்கம் உனக்கு. நீயே வந்து நின்று இறக்க வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த வீடியோவும் அழியும், அதைப் பற்றிய பேச்சும் நிற்கும். சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

சபாவில் கரை இறங்க இந்நாட்டுக்காரர்களுக்கே தனி அனுமதி வேண்டும். என் கடவுச்சீட்டைப் பார்த்தவர்கள் எல்லாம் அடுத்த மேசைக்குக் கை காட்டினார்கள். சந்திரன் லீவு போட்டு என்னோடு அலைந்தார். "இதுவரைக்கும் இந்த நாட்டுல இருக்குறதுக்குத்தான் என் கையெழுத்து வேணும்னாங்க. இப்ப நீ நாட்டோட ஓரத்துக்குப் போறதுக்கும் வேணுமா?" என்று சிரித்தார். பிறகு, "போயிட்டு வா, கலா. வீட்ட நாங்க பாத்துக்குறோம்" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. "நம்ம வீட்டுல எந்தப் பொம்பளட்டி போட்டுல ஏறியிருக்கா? உங்கப்பா இருந்தா விடுவாவளா?"

"அப்பா கடலுக்குப் போனப்ப யாரும்மா அவங்கள தடுத்தா?"

அம்மா போனை வைத்துவிட்டாள். தாரணி மட்டும் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கப்பலில் போகப்போகிறேன் என்றதற்கு, "ஓக்கே லா" என்றாள்.

5

கடற்கரையில் பிறந்த எனக்குக் கப்பல் ஏறிய முதல் நாளே குடல் வாய்க்கு வந்துவிட்டது. பாக் சாலே இஞ்சித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாம் நாள் எழுந்து தளத்துக்கு வந்தேன். நாலு பக்கமும் கரை இல்லை. எண்ணும் அறையில் வருஷக்கணக்காகத் திரையில் பார்த்த இடத்தின் மேலே நின்றுகொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். அப்பா, நானும் வந்துட்டேன் என்று சத்தமாகச் சொன்னேன். யாருக்கும் தமிழ் தெரியாது, அதனால் வெட்கமில்லை.

முதல் இறக்கங்கள் எல்லாம் இரையோடு நடந்தன. எல்லாவற்றிலும் அதே தள்ளுமுள்ளு. கடைசி நாள் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கப்பல் சீக்கிரம் திரும்ப வேண்டும், ஒரே ஒரு இறக்கத்துக்குத்தான் நேரம் என்றார்கள். என்னுடையது.

டாக்டர் அஸ்மா பக்கத்தில் வந்து நின்றார். குரல் தணிந்திருந்தது. "கலா, கொஞ்சமாவது மீன் கட்டிவிடலாம். நீ எதிர்பார்ப்பது வராவிட்டாலும் எண்ணுவதற்கு ஏதாவது மிஞ்சும். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன். இந்தத் திட்டம் முடிகிறது. உன் வேலையை நீட்டிக்கச் சொல்லி நான் போய் நிற்கும்போது கையில் ஏதாவது இருக்க வேண்டும்."

பொய் சொல்ல மாட்டேன், சபலம் தட்டியது. வேலை போய்விட்டால் மறுபடி வீட்டில் உட்கார வேண்டும். தாரணி எழுதிக் கொடுத்தது நிஜமாகிவிடும். அம்மா கல்யாண வீடுகளில் நிம்மதியாகச் சிரிப்பாள். துளி மீன்தானே, கட்டிவிடு என்று மனசு சொன்னது.

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் அல்ல. இத்தனை வருஷமாக, புலம்பெயர்ந்த எங்களைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முன்னால் எதையாவது கட்டிவிட்டுத்தான் பார்க்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு நாங்கள் சம்பளத்துக்காக ஓடிவந்தவர்கள். இங்கே இருப்பவர்களுக்கு முத்திரைக்காக வரிசையில் நிற்பவர்கள். அதுவும் இல்லாதபோது நாங்கள் எப்படி நிற்கிறோம் என்று யாரும் பார்த்ததில்லை. அந்த இறாலுக்காக நான் மல்லுக்கட்டியது அதற்காகவும்தான்.

நேரே குளிர்பெட்டிக்குப் போனேன். இரை மீனின் கடைசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தேன்.

"பாக் சாலே, அசாம் பெடாஸ் வையுங்கள்."

கிழவர் பெட்டியைப் பார்த்துப் பின்வாங்கினார். "இது இரை மீனாயிற்றே! போன தடவை பயந்து செத்தது போதும், தாயே."

"இந்தத் தடவை நான் சொல்கிறேன். எல்லாவற்றையும் போடுங்கள். ஒன்றுகூட மிஞ்சக் கூடாது."

அவர் தயங்கினார். நானே கத்தியை எடுத்து மீனை வெட்ட ஆரம்பித்தேன். நான் வெட்டுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு அவர் புளியைக் கரைக்கப் போனார்.

முக்காலி தண்ணீரில் இறங்கும்போது வலைப்பையே இல்லை. கம்பியையும் கழற்றச் சொல்லியிருந்தேன். குழம்பு வாசனை தளம் வரை வந்துவிட்டது. டாக்டர் அஸ்மா மூக்கை உறிஞ்சினார்.

"கலா, இரை மீன் எங்கே?"

"சட்டியில்."

என்னையே பார்த்தார். "அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றால் அடுத்த தடவை உன்னைக் கட்டி இறக்குவேன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார். ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டாவது தடவையும் குழம்பு வாங்கிக்கொண்டார். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை.

6

கேமரா மேலே வந்ததும் எல்லோரும் திரையின் முன் கூடினோம். சேறு. வெள்ளைத் துகள்கள். மறுபடி சேறு. ஓட்டிக்கொண்டே இருந்தோம், ஒரு உயிரும் வரவில்லை. ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். டாக்டர் அஸ்மாவும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

திரையின் ஓரத்தில் ஒரு கால் தெரிந்தது. மெல்லிய, நீளமான கால். பிறகு இன்னொன்று.

நடந்து நடுவுக்கு வந்தது. பின்கால்களை ஊன்றியது, உயர்ந்தது, நீரோட்டத்தைப் பார்த்து நின்றது. மீசையை விரித்தது. துகளைப் பிடித்துத் தின்றது. கொஞ்ச நேரத்தில் சற்றுத் தள்ளி இன்னொரு இறால் வந்து அதேபோல் நின்றது. அதற்கப்புறம் மூன்றாவது. ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. அவரவர் இடத்தில், அவரவர் துகளுக்காக நின்றன. நான் அழுதுகொண்டே பார்த்தேன். எண்ணவே தோன்றவில்லை.

டாக்டர் அஸ்மா நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்கார்ந்தார். "முதலிலிருந்து ஓட்டு" என்றார். முடிந்ததும், "அடுத்த பயணத்தில் பாதி இறக்கம் இரை இல்லாமல். நீதான் பொறுப்பு" என்றார். பாராட்டு அவ்வளவுதான். எனக்கு அது போதும். என் வேலையை நீட்டிப்பது இன்னும் முடிவாகவில்லை. அவர் போய் நிற்பார். அடுத்த தடவை முத்திரைக்காகச் சந்திரனும் என் பக்கத்தில் உட்காருவார். அந்த வரிசைகள் எங்கும் போகப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து சந்திரனுக்கு அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். தாரணி சோபாவின் மறுமுனையில் தன் போனோடு உட்கார்ந்திருந்தாள். பார்த்தாளா இல்லையா என்று தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த வயதுப் பிள்ளையிடம் கேட்டால் கிடைப்பது தோள் குலுக்கல்தான்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் போன் வந்தபோது என் கையெல்லாம் மாவு. தாரணியை எடுக்கச் சொன்னேன். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அம்மாவின் குரல்.

"உங்கம்மைக்கு அந்த எறாலு எண்ணுத வேல முடிஞ்சிச்சாட்டி?"

தாரணி தமிழில் சொல் தேடுகிறாள் என்று தெரிந்தது. நான் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கையைத் துடைத்தேன்.

"அம்மா எண்றது இல்ல, ஆச்சி. யாரும் சாப்பாடு போடாதப்ப ஊடாங் எப்படி சாப்புடுதுன்னு பாக்குறாங்க. கப்பல்ல போய்ப் பாத்தாங்க. நானும் வீடியோ பாத்தேன்."

நான் அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

அந்தப் பக்கம் அம்மா கேட்டாள். "யாரும் போடலேன்னா அது எப்படித் தின்னுமாம்?"

தாரணி சோபாவிலிருந்து எழுந்தாள். போனில் அம்மாவுக்குத் தெரியாது என்பதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. இரண்டு கையையும் பக்கத்துக்கு ஒன்றாக விரித்தாள்.

"நிமிந்து நின்னு, ஆச்சி."